பத்து ரூபாய் பிளாட்ஃபாரம் டிக்கெட்டில் அரக்கோணம் ஜங்ஷனைப் படிப்பது எப்படி?

பிளாட்ஃபாரம் டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். ஒரு ஜங்ஷனின் கதையை நின்ற இடத்திலேயே படித்துப் பழக அது போதும். அரக்கோணத்தை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். 22 வருஷம் சீசன் டிக்கெட்டோடு இங்கிருந்து திருவள்ளூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த வரலாற்று வாத்தியார் நான். அப்பா கீமேன். சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் தன் பீட்டை, அதாவது தனக்கு ஒதுக்கிய பாதையை நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவிகளைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. "கட்டடத்தைப் பாக்காதடா, அதை எப்ப வேணா இடிச்சுக் கட்டுவான். தடம் எங்க வளையுதுன்னு பாரு" என்பார். நான் சொல்லப்போவது எல்லாமே அந்த ஒரு வரியின் விரிவுரை.

முதலில் ஒரு ஒழுங்கு. தண்டவாளத்தில் இறங்காதீர்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவுப்படி அது குற்றம். அதைவிட, இங்கே நிற்காமல் போகும் வண்டிகளின் சத்தம் உங்கள் காதுக்கு எட்டுவதற்குள் வண்டியே எட்டிவிடும்.

நடைமேடையின் மத்தியில் நின்று நாலு திசையையும் பிரித்துக்கொள்ளுங்கள். கிழக்கே சென்னை, மேற்கே காட்பாடி, வடக்கே திருத்தணி வழியாக ரேணிகுண்டா, தெற்கே தக்கோலம், காஞ்சிபுரம், செங்கல்பட்டு. முதலில் வந்தவன் நேராகப் போட்டுக்கொண்டு போயிருப்பான். பின்னால் வந்தவன்தான் வளைந்து வந்து சேர வேண்டும். அப்படிப் பார்த்தால் கிழக்கு மேற்காக ஓடுவதுதான் மூத்த பிள்ளை. 1856 ஜூலை 1-ஆம் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் வாலாஜா ரோடு வரை போனது.

அடுத்து மின்கம்பங்களில் உள்ள எண்ணைப் பாருங்கள். மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் எத்தனையாவது கம்பம் என்பது. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் ஏறக்குறைய 69 கிலோமீட்டர். இங்கேதான் நான் சறுக்கினேன். எண் சென்ட்ரலிலிருந்து வருகிறதே என்று, முதல் ரயில் சென்ட்ரலிலிருந்து கிளம்பியதாகப் பல வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அது கிளம்பியது ராயபுரத்தில். சென்ட்ரல் 1873-ல்தான் வந்தது. கம்பத்தில் இருப்பது இன்றைய கணக்கு, அன்றைய பயணம் அல்ல. எந்த ஊர் ஜங்ஷனுக்குப் போனாலும் இதை ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்: பூஜ்யம் எங்கே இருக்கிறது, அது எப்போது அங்கே வந்தது?

வடக்கே திரும்பும் பாதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதராஸ் ரயில்வே இங்கிருந்து வடமேற்காகப் போட்டுக்கொண்டு போய், பம்பாய்ப் பக்கமிருந்து வந்த பாதையை 1871-ல் ராய்ச்சூரில் சந்தித்தது. மும்பை மெயில் இந்தப் பக்கம் திரும்புவதற்குக் காரணம் அதுதான். மொட்டைத் தலைகளோடு திருப்பதி வண்டிகள் வந்து நிற்பதும் இந்தப் பாதையால்தான்.

எனக்குப் பிடித்தது தெற்குப் பாதை. நிதானமாகப் பாருங்கள். 1865-ல் இந்தியன் டிராம்வே கம்பெனி என்று ஒன்று, இங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு சிறிய ரயில் விட்டது. அதன் தடத்தின் அகலம் மூன்றரை அடி, அதாவது 1067 மில்லிமீட்டர். பக்கத்திலேயே ஓடிய பெரிய பாதையோ ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீட்டர். 1870-ல் அரசாங்கம் சிக்கனப் பாதைகளுக்கு மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தடம் என்று முடிவு செய்தது. அதன்படி 1878-ல் இந்தப் பாதையையும் மீட்டர் கேஜாக மாற்றினார்கள். இந்த இடத்தைச் சும்மா வாசித்துக் கடக்காதீர்கள். வீட்டுத் திண்ணையில் ஒரு சாக்பீஸும் டேப்பும் எடுத்து 1000, 1067, 1676 மில்லிமீட்டரில் மூன்று கோடு போடுங்கள். முதல் இரண்டுக்கும் நடுவே நாலு விரல் வைத்தால் சரியாக இருக்கும். அந்த நாலு விரலுக்காக மொத்தப் பாதையையும் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள்! எங்கும் ஒரே அகலம் என்று 1992-ல் தொடங்கிய யூனிகேஜ் திட்டத்தில் அதுவும் போய் அகலப் பாதை ஆனது. ஒரே தடம், மூன்று கேஜ் கண்டது.

கேஜ் மாறும் ஜங்ஷன் என்றால் என்ன பாடு என்பதை அப்பா சொல்லித்தான் தெரியும். பெரிய வண்டியில் வந்த மூட்டையை எல்லாம் இறக்கிச் சின்ன வண்டியில் ஏற்ற வேண்டும். அத்தனையும் ஆள் தோளில். காஞ்சிபுரம் வண்டியை ஆயா கடைசி வரைக்கும் "சின்ன ரயிலு" என்றுதான் சொன்னாள். அகலப் பாதை ஆன பிறகும் அப்படியேதான். ஆகவே பெரியவர்களிடம் பேசும்போது, "இங்கே மீட்டர் கேஜ் இருந்ததா?" என்று கேட்காதீர்கள். "சின்ன வண்டி எந்த மேடையில் நிக்கும்?" என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார்கள்.

நடைமேடை ஓரங்களிலும் யார்டு வேலியிலும் பழைய தண்டவாளத் துண்டுகளைக் கம்பமாக நட்டிருந்தால் விடாதீர்கள். தண்டவாளத்தின் நடுப்பட்டையில், இரும்பை உருட்டும்போதே தயாரித்தவர் பெயரும் வருஷமும் எழும்பி நிற்கும்படி செய்திருப்பார்கள். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து மூடியிருக்கும். விரலால் தடவினால் தெரியும். இல்லாவிட்டால் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். அந்த வருஷம் அந்தத் தண்டவாளத்துக்குத்தான் சொந்தம், கம்பம் நட்ட வருஷம் என்று எழுதிவிடாதீர்கள்.

இங்கே மின்சார இன்ஜின் ஷெட் உண்டு. வரும் இன்ஜின்களின் பக்கவாட்டில் தாய் ஷெட்டின், அதாவது அந்த இன்ஜினைப் பராமரிக்கும் ஷெட்டின் குறியீடு எழுதியிருக்கும்: அரக்கோணம் என்றால் ஏஜேஜே, ஈரோடு ஈடி, ராயபுரம் ஆர்பிஎம். ஒரு மணி நேரம் குறித்துவந்தால், எந்த ஊர் இன்ஜின் எந்தப் பக்கம் உழைக்கிறது என்று பிடிபடும்.

வீட்டுக்குப் போய்ப் பழைய ஆவணங்களைத் தேடும்போது இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். வெள்ளைக்காரன் இந்த ஊரை 'ஆர்க்கோணம்' என்று எழுதினான்; இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி கிடைக்காது. கம்பெனி பெயரும் காலத்துக்குக் காலம் மாறும். பெரிய பாதை மதராஸ் ரயில்வே, 1908 முதல் மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. சின்ன பாதை சவுத் இண்டியன் ரயில்வே. 1951 ஏப்ரல் 14-இல்தான் இரண்டும் தெற்கு ரயில்வே என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. அதுவரை ஒரே ஸ்டேஷனில் இரண்டு சமையல்.

டிக்கெட்டில் நேரம் மிச்சமிருந்தால் வெளியே போய், தக்கோலத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்காருங்கள். 1992-ல் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளம் இங்கே வந்தது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் மின்கம்பிகள் கூடாது என்றதால், அந்தப் பழைய பாதையை விலக்கி வளைத்துப் போட்ட பிறகுதான் மின்சார ரயில் ஓட முடிந்தது. 2019-ல் கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு, அரக்கோணம், திருவள்ளூர் என்று சுற்றிவரும் வண்டியும் விட்டார்கள். பின்னால் வந்தவன்தான் வளைவான் என்ற கணக்கு இந்த ஓரிடத்தில் மட்டும் பொய்த்துப்போகும். வண்டி திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், உடம்பிலேயே தெரியும்.