புயலுக்குப் பின் கரண்ட் இல்லாத வெயில் நாட்கள்: வெக்கையைச் சமாளிக்கும் வழி

2019 மே 3 அன்று ஃபானி புயல் ஒடிசாவில் புரி அருகே கரையைக் கடந்தது. காற்று சீக்கிரம் ஓய்ந்துவிட்டது. கரண்ட் வரத்தான் பல இடங்களில் வாரக்கணக்கில் ஆனது. மே மாதப் புழுக்கம், ஃபேன் ஓடவில்லை, மோட்டார் ஓடவில்லை, நிழல் தந்த மரங்களும் விழுந்து கிடந்தன. 2024 ஜூலையில் பெரில் புயல் தாக்கிய அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. புயலில் தப்பித்த சிலர் அதன் பிறகு வெக்கையில் இறந்தார்கள். அதனால் மெழுகுவத்தி வாங்கும்போதே வெக்கைக்கும் தயாராகிவிடுங்கள்.

படி 1: தண்ணீர் பிடித்து வையுங்கள்

கரண்ட் இருக்கும்போதே மேல்தொட்டியை நிரப்புங்கள். குடம், அண்டா, பக்கெட் எதையும் விடாதீர்கள். குடிக்கத் தனியாக, உடம்பை நனைக்கத் தனியாக. இரண்டாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

படி 2: அறையைத் தேர்ந்தெடுங்கள்

மேல்மாடி வேண்டாம். கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவு முழுக்க உள்ளே இறக்கும். கீழ்த்தளத்தில் மேற்கு வெயில் படாத அறை நல்லது. வெயில் விழும் ஜன்னலுக்கு வெளிப்பக்கமாகப் பாயோ பழைய வேட்டியோ கட்டுங்கள்; கண்ணாடியைத் தொடும் முன்பே வெயிலைத் தடுத்துவிடலாம். உள்ளே இருப்பதைவிட வெளியே குளிர்ந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்துவிடுங்கள்.

படி 3: உடம்பை நனையுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். வியர்வை காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை வழிகிறதே தவிர சட்டென்று காய்வதில்லை. காற்று வீசினால்தான் காயும். பருத்தித் துண்டை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கழுத்திலும் தோளிலும் போட்டுக்கொண்டு விசிறுங்கள். துண்டு வெதுவெதுப்பானதும் மறுபடி நனையுங்கள். கடும் வெக்கையில் காய்ந்த உடம்பில் விசிறுவதால் பயனில்லை, அனல்தான் அடிக்கும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மோர், கஞ்சித் தண்ணீர், இளநீர் எல்லாம் நல்லது. நிறைய வியர்த்தால் ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு இதற்கு மேல் போகக் கூடாது. இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்த கிளைகளை அப்புறப்படுத்தும் வேலையெல்லாம் விடிகாலையில் மட்டும். அறுந்து கிடக்கும் கம்பி பக்கம் போகவே வேண்டாம்.

படி 4: ஜெனரேட்டர் வெளியே

வராண்டா, பால்கனி, ஷெட் எதுவும் கூடாது. கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

படி 5: ஃப்ரிட்ஜும் இன்சுலினும்

மூடியே வைத்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் காக்கும். இன்சுலினுக்கு மண்பானை போதும். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய மருந்து, மேலே ஈரத்துணி. காற்றோட்டமான நிழலில் வைத்து மணலை நனைத்துக்கொண்டே இருங்கள்.

படி 6: தனியாக இருப்பவர்களைப் பாருங்கள்

தெருவில் தனியாக வசிக்கும் பெரியவர்களைக் காலை, மாலை இரண்டு வேளையும் நேரில் போய்ப் பாருங்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னால் விட்டுவிடாதீர்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் உடம்பு இன்னும் சீக்கிரம் வறண்டுவிடும். உள்ளே போங்கள், ஒரு டம்ளர் மோர் கொடுத்து அவர் குடித்து முடிக்கும்வரை பேசிக்கொண்டிருங்கள்.

பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் உளறினாலோ, தள்ளாடினாலோ அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே 108. வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும் வரை நனைப்பதை நிறுத்தாதீர்கள்.