தூக்கத்துக்கு ஒண்ணு, பதட்டத்துக்கு ஒண்ணு மாத்திரை போடுறீங்களா? முதல்ல அட்டையோட பின்பக்கத்த படிங்க

போன வருஷம் ஒருநாள் காலைல அம்மா சுவத்த புடிச்சுகிட்டே பாத்ரூம் போனாங்க, பேச்சும் குழறுச்சு, பிபி-யா இருக்கும்னு நெனச்சு பயந்துட்டோம். மாத்திரை டப்பாவ கட்டில்ல கொட்டி பாத்தப்ப தான் புரிஞ்சுது. பதட்டத்துக்கு ஒரு டாக்டர் குடுத்த மாத்திரைல எஸ்சிடலோப்ராம் கூட குளோனாசெபாம் 0.5 மி.கி. சேந்தே இருக்கு, தூக்கம் வரலன்னு வேற டாக்டர்கிட்ட போனப்ப அவர் எழுதுனதும் வேற பிராண்ட் பேர்ல அதே குளோனாசெபாம். கலர் வேற, கம்பெனி வேற, உள்ள மருந்து ஒண்ணு. ஒருத்தர் குடுத்தது இன்னொருத்தருக்கு தெரியாது, நாங்களும் சொல்லல.

அதனால இன்னிக்கே வீட்ல இருக்குற எல்லா அட்டையையும் எடுங்க, பின்னாடி எழுத்து ரொம்ப பொடியா இருக்கும், போன் கேமராவுல ஜூம் பண்ணி மருந்து பேரு, மி.கி., எத்தன மணிக்கு போடுறீங்கன்னு ஒரே பேப்பர்ல எழுதுங்க. பிராண்ட் பேரு மட்டும் எழுதுனா பிரயோஜனம் இல்ல. அல்பிரஸோலம், குளோனாசெபாம், லோராசெபாம், டயஸெபாம் நாலும் பென்சோடயஸெபின்னு (சுருக்கமா பென்சோ) சொல்ற ஒரே குடும்பம், இதுல ரெண்டு உங்க லிஸ்ட்ல இருந்தா அடுத்த டோஸ் போடுறதுக்கு முன்னாடியே டாக்டருக்கு போன் பண்ணி கேளுங்க. சோல்பிடெம் அந்த குடும்பம் இல்லதான், ஆனா மூளைல அது போய் ஒட்டுறதும் கிட்டத்தட்ட அதே எடத்துல, அதையும் சேத்தே காட்டுங்க.

லிஸ்ட்ல எல்லாரும் விட்டுடுறது மத்த வியாதிக்கு போடுற மாத்திரைங்கள. மூட்டு வலிக்கு டிரமடால் போடுறாங்களே, அது இந்த தூக்க மாத்திரைகளோட சேந்தா மூச்சையே மந்தமாக்கிடும், அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2016-லயே இந்த மாதிரி ஓபியாய்டு வலி மருந்தும் பென்சோவும் சேக்குறதுக்கு கடுமையான எச்சரிக்கை போட வச்சாங்க. அதே டிரமடால் எஸ்சிடலோப்ராமோட சேந்தா நடுக்கம், வேர்வை, காய்ச்சல், மனசு தாறுமாறா ஆகுறதுன்னு வேற ஒரு பிரச்சனையும் வரலாம். படர்தாமரைக்கு குடுக்குற இட்ராகோனசோல் அல்பிரஸோலத்த கல்லீரல் கரைக்க விடாது, ஒடம்புல தேங்கிடும், ரெண்டையும் சேக்கவே கூடாது. சளி மாத்திரை, இருமல் சிரப்புலயும் தூக்கம் வர்ற மருந்து இருக்கும். படபடப்புக்கு புரோப்ரனலால் எழுதுனா, வீசிங் இருந்தா உடனே சொல்லிடுங்க. சரக்கு சுத்தமா வேணாம், சாயங்காலம் குடிச்சிட்டு ராத்திரி மாத்திரை போட்டாலும் ஆபத்துதான். பலமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு வீட்ல யாராச்சும் சொல்லியிருந்தா அதையும் மறைக்காதீங்க.

டாக்டர் எஸ்சிடலோப்ராம், குளோனாசெபாம் ரெண்டையும் சேத்து குடுக்குறதே தப்புன்னு நெனச்சுடாதீங்க. எஸ்சிடலோப்ராம் வேலைய காட்ட ரெண்டு மூணு வாரம், சில பேருக்கு இன்னும் அதிகமா ஆகும், அதுவரைக்கும் தாங்கறதுக்குத்தான் குளோனாசெபாம் கொஞ்ச நாளைக்கு சேப்பாங்க. அந்த கொஞ்ச நாள்ங்கிறது எத்தன வாரம், எப்படி கொறைக்கணும்னு கேட்டு சீட்டுலயே எழுதி வாங்குங்க. பழைய சீட்ட காட்டி மெடிக்கல்ல வருஷக்கணக்கா வாங்கிட்டே இருக்காதீங்க. அதுக்காக இத படிச்சிட்டு பயந்து போய் நீங்களா ஒரே நாள்ல நிறுத்தவும் கூடாது, பல மாசமா போட்டவங்களுக்கு சட்டுனு நிறுத்துனா வலிப்பு வரைக்கும் போகும். அம்மாவுக்கு டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு முடிக்க ரெண்டு மாசம் ஆச்சு.

மாத்திரை போட்டவங்க தட்டி எழுப்பினாலும் எந்திரிக்கல, மூச்சு ரொம்ப மெதுவா இருக்கு, உதடு நீலமாகுதுன்னா தூங்கட்டும்னு விடாதீங்க, உடனே 108. வண்டி வர்ற வரைக்கும் ஒருக்களிச்சு படுக்க வைங்க, மோர், உப்புத்தண்ணி, காபி எதையும் வாய்ல ஊத்தாதீங்க, பொரையேறிடும், காலியான அட்டைங்கள எல்லாம் ஒரு கவர்ல போட்டு கையோட எடுத்துட்டு போங்க. அவசரம் இல்ல, ஆனா பதட்டம் தாங்கல, ராத்திரில யார்கிட்ட பேசறதுன்னு தெரியலன்னா மனநல உதவிக்கு அரசாங்கம் நடத்துற டெலி மானஸ் போன் நம்பர் 14416, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.