கூத்துப் படமும் கோயில் நோட்டீஸும் கேட்டவுடன் எடுக்க

போன வருசம் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் வாசலில் வந்து நின்று, "தம்பி, அரங்கேற்றத்தில நீ எடுத்த தருமர் படம் ஒண்டு வேணும், பெனருக்குப் போட" என்றார். மூன்று ஹார்ட் டிஸ்க்கைக் கிண்டியும் அசல் இல்லை. அகப்பட்டது வட்ஸ்அப்பில் அனுப்பிய கொப்பி. பெனர் அளவுக்கு இழுத்ததும் தருமரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். டொகியுமென்ட் ஆக அனுப்பினால் அப்படியே போகும். அது அப்போது எனக்குத் தெரியாது.

பழையதை அடுக்குவதில் தொடங்காதீர்கள். 'பழையது' என்று ஒரு போல்டர் திறந்து எல்லாவற்றையும் அதற்குள் தள்ளுங்கள். யாராவது கேட்கும்போது தேடி எடுத்து, அப்போதே உரிய இடத்தில் போட்டால் போதும்.

இனி வருவதற்குப் பெயர் வைப்போம். வருடம், மாதம், நாள், பிறகு வேலை, இடம்: 2025-08-16-வடமோடி-கல்லடி. வருடத்துக்குப் பதிலாக நாள் இலக்கத்தை முன்னுக்குப் போட்டால் எல்லா மாதத்து 16ஆம் திகதியும் ஒரே இடத்தில் குவிந்துவிடும். உள்ளே மூன்று போல்டர்: அசல், வேலை, கொடுத்தது. கமராவில் இருந்து வந்தது அசலுக்குள். அதில் கை வைக்கவே கூடாது. போட்டோஷொப் பைல் வேலைக்குள். திருத்தத்துக்கு 01, 02 என்று இலக்கம் போடுங்கள். 'ஃபைனல்', 'புது ஃபைனல்' எல்லாம் வேண்டாம், பிறகு எது கடைசி என்று நீங்களே முழிப்பீர்கள்.

நோட்டீஸ் அடிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பாமினியில் செய்த டிசைனை அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால், தீர்த்தத் திருவிழா அழைப்பு ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். ஆகவே எழுத்துரு பைலையும் 'வேலை'க்குள் போட்டு வையுங்கள். எழுத்துரு பதித்த பிடிஎஃப் ஒன்று 'கொடுத்தது'க்குள் இருக்கட்டும்.

விடிய விடிய ஆடும் கூத்தை வீடியோ எடுப்பவர்கள் பென் டிரைவைப் பாருங்கள். ஃபெட்32 முறையில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய பைலை அது ஏற்காது, எவ்வளவு இடம் கிடந்தாலும். எக்ஸ்ஃபெட் முறையில் ஃபோர்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாகக் கொப்பி. மொத்தம் மூன்று, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கூகுள் ட்ரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபி வீடியோவுக்குக் காணாது. 'கொடுத்தது' போல்டர்களை மட்டும் அதில் ஏற்றுகிறேன். முழுவதும் இருக்கும் இரண்டாவது டிஸ்க் அம்பாறையில் அக்கா வீட்டு அலுமாரியில். மார்கழி மழைக்கு எங்கள் ஒழுங்கைக்குள் வெள்ளம் ஏறும். இரண்டு டிஸ்க்கும் ஒரே மேசையில் கிடந்தால் இரண்டும்தான் நனையும்.

போயா லீவில் அக்கா வீட்டுக்குப் போகும்போது புதியதை ஏற்றிவிடுவேன். ஏற்றியதும் ஏதாவது இரண்டு பைலைத் திறந்து பார்த்த பிறகுதான் சாப்பாடு.