வயதான பூனை பெட்டிக்கு வெளியே போகிறதா? பலரும் செய்யும் தவறுகள்

பத்துப் பன்னிரண்டு வருடம் பிசகாமல் லிட்டர் பாக்ஸில் (பூனை சிறுநீர், மலம் கழிக்க மணல் போட்டு வைக்கும் பெட்டி) போய்க்கொண்டிருந்த பூனை, திடீரென்று பாத்ரூம் மிதியடியிலோ கட்டிலுக்கடியிலோ போக ஆரம்பித்தால் வீட்டில் இரண்டு தீர்ப்புகள் வரும். "வயசாயிடுச்சு, இனிமே இப்படித்தான்" என்பது ஒன்று. "வேணும்னே பண்ணுது" என்பது இன்னொன்று. இரண்டுமே பூனைக்குக் கேடு. பழிவாங்குவதற்காகச் சிறுநீர் கழிக்கும் புத்தி பூனைக்குக் கிடையாது. பெட்டிக்குள் ஏறுவது வலிக்கிறது, அல்லது போய்ச் சேர்வதற்குள் முட்டிவிடுகிறது, அல்லது பெட்டியில் ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். அதன் மூக்கை ஈரத்தில் தேய்ப்பதும் அடிப்பதும் ஒளிந்து போகத்தான் கற்றுக்கொடுக்கும்.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. ஆண் பூனை திரும்பத் திரும்பப் பெட்டியில் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது எதுவுமே வரவில்லை என்றால், மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டிருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அன்றைக்கே, இரவானாலும், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மற்ற நேரங்களில் நடக்கும் பெரிய தவறு, பரிசோதனை செய்யாமலேயே மணலை மாற்றி மாற்றிப் பார்ப்பது. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், தைராய்டு அதிகமாகச் சுரப்பது ஆகிய மூன்றும் சகஜம். மூன்றிலும் சிறுநீர் அளவு கூடும். நேற்று வரை போதுமாக இருந்த பெட்டி இன்று மதியத்துக்குள் நனைந்துவிடும். ஈர மணலில் கால் வைக்கப் பூனை விரும்பாது. சிறுநீர் பட்ட இடம் கட்டியாகும் மணல் போடுபவர்களுக்குக் கணக்குப் பார்ப்பது சுலபம்: ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு கட்டிகள் வரை இயல்பு. கட்டிகள் எண்ணிக்கையிலோ அளவிலோ கூடிக்கொண்டே போனால் தண்ணீரையும் அளந்து பாருங்கள். காலையில் அரை லிட்டர் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மீதியை அளக்க வேண்டும். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 4 கிலோ பூனை 400 மில்லிக்கு மேல் குடித்தால் நிச்சயம் ஏதோ நோய் இருக்கிறது. ஈர உணவு சாப்பிடும் பூனைக்கு அதைவிட மிகக் குறைவான அளவே அதிகம்தான்.

இந்த இடத்தில் சிலர் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்துவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான வைத்தியம் கிடையாது. சிறுநீரகம் தண்ணீரைத் தேக்கிவைக்க முடியாமல் விடுவதால்தான் அது குடித்து ஈடுகட்டுகிறது. குடிக்க விடாவிட்டால் இரண்டே நாளில் நீர்வற்றிச் சுருண்டுவிடும்.

அடுத்தது மூட்டுவலி. பூனை நொண்டாது, முனகாது. அதனால் வலியே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். பெட்டிக்கு அருகில் தரையில் உட்கார்ந்து ஒரு முறை கவனியுங்கள். முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்துவிட்டு, பின்னங்கால் விளிம்புக்கு வெளியே நிற்க ஒரு கணம் தயங்கும். பிறகு ஒரு காலை இழுத்துத் தூக்கும். உள்ளே போனாலும் முழுதாகக் குந்த முடியாமல் அரைவாசி நின்றபடியே போகும். சிறுநீர் பின்சுவரைத் தாண்டித் தரையில் விழும். "பாக்ஸுக்குள்ளே நின்னுக்கிட்டே வெளியே அடிக்குது" என்று திட்டு வாங்கும் பூனைகள் பலவும் இடுப்பு வலியோடு இருப்பவைதான்.

இதற்குக் கடைப் பெட்டி போதாது. பெட்டியின் நீளம், மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையுள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும். 45 சென்டிமீட்டர் பூனைக்கு ஏறத்தாழ 70. துணி அடுக்கி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை மூடியில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் தரையிலிருந்து 5 முதல் 7 சென்டிமீட்டர் உயரத்தில் வாசல் வெட்டுங்கள். பூனை தடையில்லாமல் நுழைய அகலம் 20 சென்டிமீட்டராவது வேண்டும். ஆக்ஸா பிளேடால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள். மற்ற மூன்று பக்கமும் 25, 30 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். மணலை 3, 4 சென்டிமீட்டருக்கு மேல் நிரப்ப வேண்டாம். கால் புதையும் மணலில் வலியுள்ள பூனையால் நிலைத்து நிற்க முடியாது. மணலுக்குப் பதிலாகப் போடும் மரக்குச்சி உருண்டைகளும் சிலிக்கா கற்களும் பாதத்தில் குத்தும். பொடியான, வாசனை சேர்க்காத, கட்டியாகும் மணலே நல்லது. டைல்ஸ் தரை வழுக்கினால் பெட்டி வரைக்கும் அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடி போடுங்கள்.

வலிக்கிறது என்று தெரிந்தவுடன் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பூனையின் ஈரலால் அதைச் சிதைக்க முடியாது. அரை மாத்திரையே கொல்லும். மனிதர்களின் வேறு வலி மாத்திரைகளும் அப்படித்தான். பூனைக்கென்று மருந்துகள் இருக்கின்றன. சிறுநீரகத்தைச் சோதித்த பிறகு மருத்துவர் அளவு சொல்வார்.

பெட்டி வைக்கும் இடமும் மாற வேண்டியிருக்கும். மொட்டைமாடியில், வாஷிங் மெஷின் பக்கத்தில், நாய் படுக்கும் வழியில் வைத்தால் வயதான பூனை போகாது. மாடி வீடென்றால் தளத்துக்கு ஒன்று. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஒட்டி ஒட்டி வைத்த இரண்டு பெட்டிகள் பூனைக்கு ஒன்றுதான். கண் மங்கிய பூனைக்கு இரவில் ஜீரோ வாட் பல்பு போதும். விடாமல் ஒரே மூலைக்குப் போகிறதென்றால், அந்த மூலையிலேயே பெட்டியை வையுங்கள். பிறகு வேண்டுமானால் நாளுக்கு ஒரு சாண் அளவுகூட இல்லாமல் மெல்ல நகர்த்தலாம்.

துடைப்பதில்தான் நம் வீடுகளில் தவறு அதிகம். நாற்றம் போக ஃபினாயில் ஊற்றிவிடுகிறோம். ஃபினால் வகைப் பொருள்கள் பூனைக்கு விஷம், டெட்டாலும் அப்படியே. ஈரத்தில் நடந்து, பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். அம்மோனியா கலந்த கிளீனர் சிறுநீரைப் போலவே நாறுவதால் திரும்பவும் அங்கேயே வரவழைக்கும். பிளீச்சைச் சிறுநீர் மேல் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். முதலில் பழந்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். குளிர்ந்த நீரால் துடைத்துவிட்டு, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்ஸைம் கிளீனரை (சிறுநீர்க் கறையைச் சிதைத்து நாற்றத்தைப் போக்கும் திரவம்) கறையைவிட அகலமாக நனையும்படி ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம் ஊறவிட்டு, தானாகக் காயவிடுங்கள். பழைய கறைகள் தெரியாவிட்டால் இரவில் விளக்கை அணைத்துப் புற ஊதா டார்ச் அடித்தால் பளிச்சென்று தெரியும்.

சிகிச்சை முடிந்து வலி போன பிறகும் சில பூனைகள் பழைய பெட்டிக்குத் திரும்பாது. அந்த இடத்தில் வலித்தது அதற்கு ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்ட பூனைக்கு வேறு இடத்தில், வேறு மணலுடன் புதுப் பெட்டி வையுங்கள். பழையதை உடனே எடுத்துவிடாமல், புதியதில் இரண்டு வாரம் தொடர்ந்து போகும்வரை அங்கேயே இருக்கட்டும்.