இதயத்துக்குப் பாதகமில்லாமல் சவுனா எடுப்பது எப்படி?

பின்லாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 55 லட்சம். அங்குள்ள சவுனா அறைகள் சுமார் 30 லட்சம். மரப்பலகை பதித்த அறையில், சூடேறிய கற்களுக்கு அருகே, 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் உட்கார்ந்து எழும் அந்த வழக்கம் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்கள் வரை வந்துவிட்டது. பேச்சு பொய்யில்லை. ஆனால் உள்ளே உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

வெளிச்சூடு ஏறியதும் உடம்பு தன் உள்வெப்பத்தை 37 டிகிரிக்கு அருகிலேயே நிறுத்தப் பார்க்கிறது. அதற்காகத் தோலடி ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக்கே தோலுக்குப் போகும் ரத்தம், கடும் வெப்பத்தில் 6 முதல் 8 லிட்டர் வரை உயரக்கூடும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் பங்கு குறைக்கப்படுகிறது. அதுவும் போதாமல் இதயம் தன் துடிப்பைக் கூட்டுகிறது. நாடித் துடிப்பு 100 முதல் 120 வரை ஏறுவது சாதாரணம். சிலருக்கு 150ஐத் தொடும். நாற்காலியை விட்டு எழாமலே வேகநடை போவதைப் போன்ற வேலை இது. கூடவே, ரத்த ஓட்டம் விரைவதால் குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை அதிகமாகச் சுரக்க, குழாய்கள் இளகி ரத்த அழுத்தம் சற்று இறங்குகிறது. நன்மையும் ஆபத்தும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

நன்மைக்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது, கிழக்கு பின்லாந்தின் குவோபியோ பகுதியைச் சேர்ந்த 2,315 நடுத்தர வயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2015இல் வெளியான ஆய்வு. வாரம் ஒரு முறை சவுனா எடுத்தவர்களைவிட 4 முதல் 7 முறை எடுத்தவர்களிடையே திடீரென இதயம் நின்று இறப்பது 63 சதவீதம் குறைவாக இருந்தது. இது கண்காணிப்பு ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. அடிக்கடி சவுனாவுக்குப் போக முடிந்தவர்கள் முன்பே நலமாக இருந்தவர்களாகவும் இருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1960களிலும் 70களிலும் இதே கிழக்கு பின்லாந்துதான் இதய நோய் மரணங்களில் உலகின் முன்வரிசையில் நின்றது. அப்போதும் வீட்டுக்கு வீடு சவுனா இருந்தது; புகைபிடித்தலும் வெண்ணெயும் உப்பும் செய்த கெடுதலை அதனால் தடுக்க முடியவில்லை. ஆகவே மருந்தையோ நடைப்பயிற்சியையோ விட்டுவிட்டு இதை நம்ப வேண்டாம்.

வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே உள்ளே போகக் கூடாது. ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். மது அருந்தியிருந்தால் அன்றைக்கு சவுனாவே வேண்டாம், ஏனென்றால் வெப்பத்தால் இறங்கும் ரத்த அழுத்தத்தை மது மேலும் இறக்குவதோடு, இதயத் துடிப்பின் ஒழுங்கையும் கெடுக்கக்கூடும். புதியவர்கள் கீழ்ப்பலகையில் 5 நிமிடங்கள் உட்கார்ந்து பழகுவதே போதும். மேற்பலகை எப்போதும் கூடுதல் சூடு. கற்களின் மேல் ஓர் அகப்பை தண்ணீரை ஊற்றினால் எழும் ஆவி, காற்றின் வெப்பநிலையைப் பெரிதாக மாற்றாமலே தோலைச் சுடும். அதைத் தாங்கிப் பழகும்வரை ஊற்ற வேண்டாம். பழகியவர்களுக்கும் ஒரு தடவைக்கு 15 நிமிடம் தாராளம். பக்கத்தில் இருப்பவரோடு போட்டி போடவே கூடாது: 2010இல் பின்லாந்தின் ஹெய்னோலா நகரில், 110 டிகிரி வெப்பத்தில் நடந்த சவுனா போட்டியின் இறுதிச் சுற்றில் ஒருவர் இறந்தார், மற்றவர் கடும் தீக்காயங்களோடு மீட்கப்பட்டார், அத்தோடு அந்தப் போட்டியே நின்றுபோனது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது எழும் நேரத்தில். விரிந்த குழாய்களில் ரத்தம் கால்பக்கம் தேங்கியிருக்கும்போது சட்டென்று எழுந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, கண் இருட்டி, ஈரத் தரையில் விழ நேரும். படுத்திருந்தவர்கள் கடைசி இரண்டு நிமிடங்கள் காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார வேண்டும். பிறகு சுவரையோ கைப்பிடியையோ பிடித்தபடி எழ வேண்டும். வெளியே வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து, வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம். பனிநீரில் குதிப்பது பார்க்க வீரமாக இருக்கும். ஆனால் விரிந்த குழாய்கள் ஒரே நொடியில் சுருங்கி ரத்த அழுத்தம் தாவி ஏறுவதால், இதய நோயுள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். வியர்வையில் அரை லிட்டர் அளவுக்கு நீர் வெளியேறியிருக்கும். எடைக்கருவி காட்டும் குறைவு கொழுப்பல்ல. தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

வெந்நீர்த் தொட்டிக்கும் இவை பொருந்தும். தொட்டி நீர் உடம்பை அழுத்தி ரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகிறது; எழுந்ததும் அந்த அழுத்தம் விலகிவிடுவதால் மயக்கம் வரலாம். குளிர்காலத்தில் முதியவர்கள் குளியல் தொட்டியில் இறப்பது அதிகமுள்ள ஜப்பானில், நீரின் சூட்டை 41 டிகிரிக்குள்ளும் நேரத்தைப் பத்து நிமிடத்துக்குள்ளும் வைத்துக்கொள்ளும்படி அரசு அறிவுறுத்துகிறது.

ஓய்விலேயே நெஞ்சுவலி வருபவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத்தின் பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள் சவுனாவுக்குப் போகக் கூடாது. இதய நோய் கட்டுக்குள் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகலாம். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்து, ரத்த அழுத்த மாத்திரைகள், சிறுநீர் பெருக்கி ஆகியவற்றை எடுப்பவர்களுக்கு மயக்கம் எளிதில் வரும். தோலில் ஒட்டும் பட்டைகளில் உள்ள மருந்து சூட்டில் வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் கலக்கும் என்பதால் அவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள், வியர்த்த பின் எவ்வளவு குடிக்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.