கர்ப்ப காலத்தில் கஞ்சா: ஆய்வு என்று சொல்லி வரும் வீடியோவை எப்படிப் பார்ப்பது

மசக்கைக்குக் கஞ்சா நல்லது, பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது, ஜமைக்காவில் ஆய்வே நடந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் அந்த ஆய்வில் எத்தனை பேர் என்று பாருங்கள். 1994-ல் வெளிவந்த ஜமைக்கா ஆய்வில் கஞ்சா பயன்படுத்திய தாய்மார் 24 பேர், மற்றவர்கள் 20 பேர், அவ்வளவுதான். ஒரு மாதக் குழந்தைகளைச் சோதித்தபோது கஞ்சா பக்கம் சற்று நன்றாகவே இருந்தது உண்மை. ஆனால் அதற்கு அந்தத் தாய்மாரின் சமூக, பொருளாதார நிலைதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள், வீடியோவில் அது மட்டும் வராது.

அடுத்து, யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்? கஞ்சா புகைப்பவர்களில் பலர் சிகரெட்டும் பிடிப்பார்கள், அதனால் இந்தக் கேள்வி முக்கியம். கனடாவின் ஒண்டாரியோவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பார்த்த 2019 ஆய்வில், குறைப்பிரசவம் கஞ்சா பயன்படுத்தியவர்களிடம் 12 சதவீதம், மற்றவர்களிடம் 6 சதவீதம். புகையிலை போன்ற விஷயங்களில் ஒத்த தாய்மாரைச் சேர்த்து ஒப்பிட்டபோது இடைவெளி குறைந்தது, ஆனாலும் 10 சதவீதத்துக்கு 7 சதவீதம் என்று நின்றது. எனக்கு இந்த ஆய்வின் மேல் நம்பிக்கை வருவதே அப்படிச் சரிபார்த்ததால்தான்.

அப்புறம், குழந்தையை எந்த வயதுவரை பார்த்தார்கள்? 1978-ல் கனடாவின் ஒட்டாவாவில் தொடங்கிய ஆய்வில் சின்ன வயதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, 4 வயது வாக்கில்தான் அதிகமாகப் பயன்படுத்திய தாய்மாரின் பிள்ளைகளிடம் நினைவாற்றலிலும் மொழித்திறனிலும் குறை தெரிந்தது. பிள்ளை ஓடியாடி விளையாடுகிறதே என்பது இதற்குப் பதில் இல்லை.

சரி, நம்மூரில் என்ன செய்வது? கஞ்சாவின் போதைப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், கடைசியாகப் பயன்படுத்தி ஆறு நாள் வரைகூடத் தாய்ப்பாலில் இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் கர்ப்பம் என்று தெரிந்ததுமே நிறுத்துங்கள், வீட்டு ஆண்கள் புகைத்தால் வெளியே போகச் சொல்லுங்கள். என்ன சேர்த்தது என்று தெரியாத லேகியம் வேண்டாம். ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் கிராம சுகாதார நர்ஸிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். விட முடியவில்லை என்றால் போதை மீட்பு உதவி எண்ணான 14446-க்கு அழைக்கலாம், கட்டணம் கிடையாது. வாந்திக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், இஞ்சி பலருக்குக் கேட்கும், கர்ப்பிணிகளுக்கென்றே மாத்திரையும் இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தண்ணீர்கூடத் தங்கவில்லை, மூத்திரம் குறைந்து மஞ்சளாகப் போகிறது என்றால் காலை வரை காத்திருக்காமல் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.