‘ஃபார்மட் அடிச்சுடலாம்’: லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அண்ணன் மகன் ஃபோன் செய்தான். “சித்தப்பா, டெஸ்க்டாப்பைக் காணோம். கறுப்புத் திரையில யூசர்நேம் கேட்டுட்டு நிக்குது.” அவன் வைத்திருப்பது உபுண்டு 22.04; விண்டோஸைப் போன்ற இயங்குதளமான லினக்ஸின் ஒரு வகை. பாடத்துக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியின் புதிய பதிப்பு தேவைப்பட்டிருக்கிறது. பழையது எதற்கு என்று நீக்கிவிட்டான். நீக்கும் முன் ஏதாவது கேட்டதா என்றேன். “கேட்டுச்சு, ஒய் போட்டேன்.”

2018-ல் நான் செய்ததும் அச்சு அசலாக இதேதான். பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டை மறக்காதீர்கள் என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் கண்ட வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

## வாரம் ஒரு டிஸ்ட்ரோ

டிஸ்ட்ரோ என்றால் லினக்ஸின் ஒரு வகை. மிண்ட்டோ உபுண்டுவோ ஃபெடோராவோ, ஆறு மாதம் ஒன்றிலேயே இருங்கள்.

## ஷட்டவுன் ஆகாத விண்டோஸ்

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு இது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் அது அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டுமே விடும், அல்லது திறக்கவே திறக்காது. வலுக்கட்டாயமாகத் திறந்து எழுதினால் கோப்புகள் கெட்டுப்போகலாம். விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால், டிஸ்க்கின் பிரிவுகளை (பார்ட்டிஷன்) தொடும் முன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.

## சிஸ்டத்தின் பைத்தானில் கை வைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

உபுண்டுவில் இருக்கும் பைத்தான் உங்களுக்காக வைத்தது இல்லை, சிஸ்டம் தனக்காக வைத்துக்கொண்டது. அப்டேட் காட்டுவது முதல் ஃபயர்வால் வரை பல கருவிகள் அதை நம்பி நிற்கின்றன. அதை நீக்கச் சொன்னால், அதை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து நீக்க, மென்பொருள்களை நிறுவி நீக்கும் கருவியான ஆப்ட் தயாராகிவிடும். ஆனால் கேட்காமல் செய்யாது. ‘இவையெல்லாம் நீக்கப்படும்’ என்று நீளமாக ஒரு பட்டியல் போட்டுவிட்டுத்தான் ‘ஒய்’யா (சரி) ‘என்’னா (வேண்டாம்) என்று நிற்கும். விண்டோஸில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திப் பழகிய விரல் அந்தப் பட்டியலைப் படிக்க விடுவதில்லை. அதில் உபுண்டு-டெஸ்க்டாப் என்ற பெயரைப் பார்த்தால் உடனே ‘என்’ போட்டு வெளியே வாருங்கள்.

நான் அன்று பட்டியலையும் படிக்கவில்லை, அதற்குப் பிறகு செய்தது அதைவிட மோசம். இரவு பதினொரு மணி, காலையில் ஒரு மொழிபெயர்ப்பைக் கொடுத்தாக வேண்டும். கறுப்புத் திரையைப் பார்த்ததும், நம்மூரில் கணினிக்கு என்ன வந்தாலும் சொல்லும் அதே வைத்தியத்தைச் செய்தேன்: ஃபார்மட் அடித்தேன். மொத்த டிஸ்க்கையும் அழித்து மறுபடி நிறுவினேன். மொழிபெயர்ப்பு போயிற்று, இரண்டு வருடப் புகைப்படங்களும் போயின. உண்மையில் அதுவரை என் கோப்பு ஒன்றுகூடத் தொலைந்திருக்கவில்லை. போனது திரையில் தெரியும் பகுதி மட்டும்தான். என் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவு அப்படியே இருந்திருக்கிறது.

அண்ணன் மகனை ஃபார்மட் பக்கம் போக விடவில்லை. யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்து அந்தக் கறுப்புத் திரையிலேயே உள்ளே போகச் சொன்னேன். (வேறு சிக்கலில் திரை உறைந்து நின்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் இதே திரை வரும்.) இணையத்துக்கு ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்தான். உபுண்டு-டெஸ்க்டாப் தொகுப்பை ஆப்ட் வழியாக மறுபடி நிறுவி, ரீபூட் செய்ததும் பழைய திரை வந்துவிட்டது. வேறு என்னென்ன போயின என்பதற்கும் கணக்கு இருக்கிறது: வார், லாக், ஆப்ட் என்று அடைவுகளுக்குள் போனால் ஹிஸ்டரி.லாக் கோப்பில் தேதி, நேரத்தோடு எழுதியிருக்கும்.

சரி, புதிய பைத்தான் வேண்டுமென்றால்? பழையதைத் தொடாமல் பக்கத்தில் இன்னொன்றாக நிறுவுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒரு வென்வ் (பைத்தானுக்கான தனி அறை மாதிரி) உருவாக்கி, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கருவியை அதற்குள் ஓட்டுங்கள். உபுண்டு 23.04 முதல், சிஸ்டத்தின் பைத்தானில் நேராக நிறுவப் போனால் பிப் மறுத்துவிடும். அதை மீறுவதற்கான ஆப்ஷனின் பெயரே ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’. பெயரைப் படித்துவிட்டும் அதைப் போடுபவர்கள் இருக்கிறார்கள்!

## சிமாட் 777

சிமாட் என்பது கோப்புகளின் அனுமதியை மாற்றும் கட்டளை; 777 என்றால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும். பர்மிஷன் சிக்கல் வந்ததும் மொத்த சிஸ்டத்துக்கும் 777 கொடுத்தால், நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை ஓட்ட உதவும் சூடோவே வேலை செய்யாது. அந்த உரிமையைப் பெற அதற்கென்று இருக்கும் செட்யுஐடி அனுமதியும் அந்த ஒரே கட்டளையில் அழிந்துவிடும்.

## ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரம்

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி குறைவாகக் காட்டுகிறதா? மதர்போர்டின் பேட்டரியை மாற்றப் போகாதீர்கள். லினக்ஸ் மதர்போர்டின் கடிகாரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. லினக்ஸிலும் உள்ளூர் நேரத்தையே வைக்கச் சொல்லி மாற்றினால் போதும்.